17-ஆம் எண் ஏன் தூங்கவில்லை?

நான் தனியாக ஒரு கிராமத்தைக் கணினிக்குள் கட்டிக்கொண்டிருக்கிறேன். நாற்பது ஆட்கள், வீடுகள், வயல், ஒரு கிணறு, ஊருக்கு வெளியே விறகு வெட்ட ஒரு காடு. ஆடுபவர் யாரையும் நேரடியாக இயக்க முடியாது. கட்டடம் எழுப்பலாம், வேலை ஒதுக்கலாம். மற்றதை எல்லாம் ஆட்களே முடிவுசெய்துகொள்வார்கள். திட்டம் எழுதிய தாளில் "முடிவுசெய்துகொள்வார்கள்" என்ற அந்த ஒற்றைச் சொல்லுக்கு எதிரே மூன்று வாரம் என்று குறித்திருந்தேன். ஆனது 14 மாதம். நடுவில் முழுநேர வேலையைப் பாதிநேரமாக மாற்றிக்கொண்டேன். சேமிப்பு கரைந்தது. இரண்டு முறை எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து எழுதினேன். யாராவது முன்கூட்டியே நாலு வார்த்தை சொல்லியிருந்தால் இதில் பாதியாவது மிஞ்சியிருக்கும். அந்த நாலு வார்த்தையைத்தான் எழுத உட்கார்ந்தேன், கொஞ்சம் கூடிவிட்டது.

எனக்குத் தைரியம் கொடுத்தவை 1980-இல் வந்த பேக்-மேன் விளையாட்டின் நான்கு பேய்கள். சிவப்புப் பேய் ஆடுபவரை நேரே துரத்தும். இளஞ்சிவப்பு, அவர் முகம் பார்க்கும் திசையில் நான்கு கட்டம் முன்னால் குறிவைக்கும். ஆரஞ்சுப் பேய் தூரத்திலிருந்து விரட்டி வரும், எட்டுக் கட்டத்துக்குள் வந்ததும் தன் மூலையைப் பார்த்துத் திரும்பிவிடும். ஆளுக்கு ஓரிரு விதிதான், ஆனால் பார்ப்பவருக்கு ஒவ்வொன்றும் ஒரு குணமாகத் தெரிகிறது. இவ்வளவுதானே என்று நினைத்தேன். அந்தப் பேய்களுக்குப் பசியோ தூக்கமோ கிடையாது, படுக்கையைப் பங்குபோட வேண்டியதில்லை, ஆட்டம் சில நிமிடங்களில் முடிந்துவிடும் என்பதெல்லாம் அப்போது உறைக்கவில்லை. என் ஆட்கள் மணிக்கணக்கில் வாழ வேண்டியவர்கள்.

முதலில் எழுதியது எல்லோரும் எழுதுவதுதான். பசித்தால் இது, களைத்தால் அது என்று ஒன்றன்கீழ் ஒன்றாக நிபந்தனைகள். இரண்டே நாளில் ஐந்து ஆட்கள் நடமாடத் தொடங்கினார்கள். ஒரு வாரத்தில் நிபந்தனைகள் ஒன்றின் காலை ஒன்று வாரிவிட்டன. பிறகு ஸ்டேட் மெஷினுக்குப் போனேன். ஒரு ஆள் எந்த நேரத்திலும் ஏதாவது ஒரு நிலையில்தான் இருப்பான். எந்த நிலையிலிருந்து எந்த நிலைக்கு எப்போது மாறலாம் என்பதை நாம் எழுதிவைக்கிறோம். ஆறு நிலைகளோடு தொடங்கியபோது அழகாக இருந்தது. மழை சேர்ந்தது, நோய் சேர்ந்தது, அண்டை வீட்டாரோடு பேச்சு சேர்ந்தது, 31 நிலைகள் ஆயின. கணக்கைப் பாருங்கள். ஆறு நிலைகளுக்கு இடையே அதிகபட்சம் 30 மாற்றங்கள். 31 நிலைகளுக்கு 930. எல்லாவற்றையும் எழுத வேண்டியதில்லை என்பது உண்மைதான். ஆனால் எவற்றை எழுத வேண்டும் என்று தெரிந்துகொள்ள எல்லாவற்றையும் ஒருமுறை யோசித்தாக வேண்டும். நான் யோசிக்காமல் விட்டவற்றில் ஒன்று, மழையில் ஒதுங்கி நிற்பவனுக்குக் காய்ச்சல் வந்தால் என்ன செய்வது என்பது. அவன் மழை நின்ற பிறகும் அந்தக் கூரையடியிலேயே நின்று செத்துப்போனான்.

இதைவிடப் பெரிய முட்டாள்தனம் வேறொன்று. ஒவ்வொரு நிலைக்கும் தனித்தனி அசைவு வேண்டும் என்று ஒரு அனிமேஷன் கலைஞரிடம் 22 அசைவுகளுக்குப் பணம் கொடுத்தேன். என் பழைய சம்பளத்தில் இரண்டு மாத அளவு தொகை. அவர் வேலை நேர்த்தியானது, அவர்மேல் ஒரு குறையும் இல்லை. ஆட்கள் என்னென்ன செய்யப்போகிறார்கள் என்பது எனக்கே நிலைப்படாத நேரத்தில் வாங்கியதுதான் தவறு. இன்றைக்கு அவற்றில் ஒன்பது பயன்படுகின்றன. "குடையை மடக்குதல்" என்ற அசைவு இன்னும் ஒரு கோப்புறையில் தூங்குகிறது. என் விளையாட்டில் குடையே இல்லை. முடிவெடுக்கும் பகுதி நிலைப்படும்வரை ஆட்கள் வெறும் நிறப் பொட்டுகளாக இருக்கட்டும். பொட்டின் மேல் "தூங்குகிறான்" என்று எழுத்தில் காட்டினால் போதும். பொட்டுகளாகவே பார்த்து ரசிக்க முடியாத கிராமத்தை அனிமேஷனும் காப்பாற்றாது.

அடுத்து பிஹேவியர் ட்ரீ. 2004-இல் வந்த ஹேலோ 2 என்ற சுடும் விளையாட்டுக்குப் பிறகு பரவலான முறை இது. கிளைகளை முன்னுரிமைப்படி அடுக்கி, மேலிருந்து கேட்டுக்கொண்டே வருவது: ஆபத்தா? இல்லை. பசியா? இல்லை. வேலையா? சரி, அதைச் செய். சண்டை விளையாட்டுக்கு அருமையாகப் பொருந்தும், ஏனென்றால் அங்கே முன்னுரிமைகள் பெரும்பாலும் மாறாதவை. குண்டு விழுந்தால் ஓடத்தான் வேண்டும். வாழ்க்கையைப் போலிசெய்யும் விளையாட்டில் பசி பெரிதா தூக்கம் பெரிதா என்பதற்கு நிலையான பதில் இல்லை. நான் பசியைத் தூக்கத்துக்கு மேல் வைத்தேன். மூன்று நாள் தூங்காமல் தள்ளாடும் ஒருவன், வயிறு குறிப்பிட்ட அளவுக்கு ஒரு புள்ளி கீழே இறங்கியது என்பதற்காகக் கட்டிலருகிலிருந்து திரும்பிச் சமையலறைக்கு நடந்தான். இதற்கு விதிவிலக்கு, விதிவிலக்குக்கு விதிவிலக்கு என்று இரண்டு மாதம் போனது. ஊரில் எல்லோருக்கும் ஒரே அளவுகோல், ஒரே தொடக்க மதிப்பு என்பதால் இன்னொரு கூத்து. நாற்பது பேரும் ஒரே நொடியில் எழுந்து, வரிசையாகக் கிணற்றுக்குப் போய், வரிசையாகத் திரும்பினார்கள். கிராமம் பட்டாளமாகிவிட்டது. இதைத் தீர்ப்பது மட்டும் எளிது: ஒவ்வொருவருக்கும் பசியும் களைப்பும் வெவ்வேறு அளவில் தொடங்கட்டும், வெவ்வேறு வேகத்தில் ஏறட்டும். பத்து வரி நிரல்தான். முதல் நாளே செய்துவிடுங்கள்.

நடுவே பத்து நாள் ஒரு சபலம். 2005-இல் வெளியான ஃபியர் விளையாட்டின் எதிரிகள் தாங்களே திட்டம் தீட்டுவார்கள் என்று படித்தேன். எதை அடைய வேண்டும் என்று மட்டும் சொன்னால், அதற்கான செயல்களை அவர்களே வரிசையாகக் கோத்துக்கொள்வார்கள். ரோபோ ஆய்வுக்காக 1971-இல் உருவான ஒரு திட்டமிடல் முறையின் வழிவந்தது. எழுதியும் பார்த்தேன். என் ஆட்களின் மிக நீளமான திட்டம், "கோடரி எடு, மரம் வெட்டு" என்ற இரண்டே படி. மலையைக் கெல்லி எலியைப் பிடித்த கதை. உங்கள் ஆட்கள் ஐந்தாறு படிகள் முன்யோசிக்க வேண்டியிருந்தால் அது நல்ல முறை. இரண்டு படிக்கு வேண்டாம்.

கடைசியில் நான் வந்து நின்ற இடம் 2000-இல் வெளியான தி சிம்ஸ் விளையாட்டு காட்டிய வழி. அங்கே அறிவு ஆட்களுக்குள் இல்லை, பொருள்களுக்குள் இருக்கிறது. கட்டில் "என்னிடம் வந்தால் களைப்பு இவ்வளவு தீரும்" என்று விளம்பரம் செய்கிறது. அடுப்பு "பசி இவ்வளவு தீரும்" என்கிறது. ஆள் தன் தேவைகளை வைத்து ஒவ்வொரு விளம்பரத்துக்கும் மதிப்பெண் போட்டு, மேலே வருவதைத் தேர்ந்தெடுக்கிறான். புதிதாக ஒரு ஊஞ்சலைச் சேர்க்க வேண்டுமானால் ஆட்களின் நிரலில் ஒரு வரிகூடத் தொட வேண்டாம்; ஊஞ்சலே தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும். இன்னொரு நுணுக்கமும் அங்கிருந்து எடுத்தேன். எப்போதும் முதல் மதிப்பெண்ணையே எடுத்தால் ஆள் இயந்திரம்போல் தெரிவான். மேலே உள்ள இரண்டு மூன்றில் ஒன்றைக் குலுக்கிப் போட்டு எடுத்தால் உயிர் வந்ததுபோல் இருக்கிறது. ஆனால் முதலாவது மற்றவற்றைவிட வெகுதூரம் முன்னால் இருந்தால் குலுக்காதீர்கள். பட்டினியால் சாகக் கிடப்பவன் ஊஞ்சலாடப் போனதைப் பார்த்த பிறகு சொல்கிறேன்.

இங்கே ஒரு மதிப்பெண் கணக்கு என்னை மூன்று வாரம் ஏமாற்றியது. ஒரு செயலின் மதிப்பு பல காரணங்களைப் பொறுத்தது: பசி எவ்வளவு, இடம் எவ்வளவு தூரம், வெளியே மழையா, இரவா. ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் இடையே ஒரு எண் கொடுத்து எல்லாவற்றையும் பெருக்கினேன். ஏதாவது ஒன்று பூஜ்யமானால் செயலே விலகிவிடும் என்பது பெருக்கலின் வசதி. ஆனால் இரண்டு காரணங்களை மட்டும் பார்க்கும் செயலில் இரண்டுமே 0.9 என்றால் 0.81 கிடைக்கும். ஆறு காரணங்களைப் பார்க்கும் செயலில் ஆறும் 0.9 என்றால் 0.53தான். அதாவது எதைப் பற்றி நான் அதிக அக்கறையோடு எழுதினேனோ அதையே ஆட்கள் செய்யவில்லை. வைத்தியரிடம் போவதற்கு ஆறு காரணங்கள் எழுதியிருந்தேன், ஒருவரும் போகவில்லை. சும்மா உட்கார்ந்திருப்பதற்கு ஒரே காரணம், ஊரே உட்கார்ந்திருந்தது. பெருக்கி வந்ததைக் காரணங்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப ஈடுகட்ட வேண்டும். பெருக்குச் சராசரி எடுத்தால், அதாவது ஆறு காரணங்களுக்கு ஆறாம் படிமூலம் எடுத்தால், பிரச்சினை தீரும். பூஜ்யம் பூஜ்யமாகவே இருக்கும், 0.9-கள் 0.9-ஆகவே வரும்.

இனி 17-ஆம் எண். ஆட்களுக்கு நான் பெயர் வைக்கவில்லை, எண்தான். 17 ஒரு விறகுவெட்டி. ஒரு மாலை அவன் கிணற்றுக்கும் கட்டிலுக்கும் நடுவே இருந்தான். கிணற்றுப் பக்கம் மூன்று அடி வைத்தான். நின்றான். திரும்பினான். கட்டில் பக்கம் மூன்று அடி. நின்றான், திரும்பினான். விளையாட்டுக் கணக்கில் அடுத்த நாள் காலைவரை அதே இடத்தில் ஊசலாடிக்கொண்டிருந்தான். மற்றவர்கள் எழுந்து அவனைத் தாண்டி வேலைக்குப் போனார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது, கொஞ்ச நேரத்தில் எரிச்சல் வந்தது. காரணம் என்னவென்று மூன்று நாள் தேடினேன். தாகத்தின் மதிப்பு 0.61, தூக்கத்தின் மதிப்பு 0.60 என்று கிணற்றை நோக்கி நடப்பான். நடப்பதால் களைப்பு ஏறும், தூக்கம் 0.62 ஆகும், திரும்புவான். திரும்பி நடக்கும்போது தாகம் 0.63-ஐத் தொடும். அவன் முடிவெடுக்கும் முறையில் ஒரு தவறும் இல்லை. ஒவ்வொரு அரை நொடிக்கும் அவன் எடுத்தது சரியான முடிவு. எடுத்த முடிவில் நிற்கும் முறையைத்தான் நான் எழுதவே இல்லை.

இதற்கான மருந்து சிறியது. ஏற்கெனவே தொடங்கிய செயலுக்குக் கொஞ்சம் கூடுதல் மதிப்பெண். நான் கால் பங்கு கூட்டுகிறேன். அதைத் தாண்டும் அளவுக்கு வேறொன்று வலுத்தால்தான் ஆள் மனம் மாறுவான். இதோடு விட்டிருந்தால் நல்லது. நான் சந்தோஷத்தில் இரண்டு பங்கு கூட்டிப் பார்த்தேன், வீடு தீப்பிடித்து எரிய உள்ளே ஒருவன் நிம்மதியாகத் தூங்கினான். ஆகவே தீ, தாக்குதல் போன்றவற்றை மதிப்பெண் போட்டிக்குள்ளேயே விடக் கூடாது. அவை கேட்காமல் குறுக்கிடும் தனி வகை. எது குறுக்கிடலாம், எது காத்திருக்க வேண்டும் என்ற பட்டியலை எழுதுவதற்கு ஒரு மாலை நேரம் ஒதுக்குங்கள். என்னுடையதில் ஐந்து வரிதான் இருக்கிறது.

மூன்று நாள் தேடினேன் என்றேன் அல்லவா? எப்படித் தேடினேன் என்பதுதான் வெட்கக்கேடு. சந்தேகப்பட்ட இடத்தில் ஒரு வரி அச்சிடச் சொல்லி எழுதுவேன், ஓட்டுவேன், 17 அதே குழப்பத்தில் மாட்டும்வரை இருபது நிமிடம் காத்திருப்பேன், வேறு இடத்தில் சந்தேகப்படுவேன். ஒன்பது மாதம் இப்படியேதான் வேலை செய்திருக்கிறேன். ஒன்பதாம் மாதம், பொறுமை இழந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு ஆளைச் சொடுக்கினால் பக்கத்தில் ஒரு பலகை திறக்கும்படி செய்தேன். அவன் கடைசியாக எடுத்த இருபது முடிவுகள், ஒவ்வொன்றின்போதும் போட்டியில் இருந்த செயல்கள், அவற்றின் மதிப்பெண்கள், அந்த மதிப்பெண் எந்தெந்தக் காரணங்களால் வந்தது, எது தோற்றது, ஏன் தோற்றது. ஒன்றரை நாள் வேலை. அன்றிரவு மட்டும் ஐந்து பிழைகளைப் பிடித்தேன். அவற்றில் ஒன்று ஐந்தாம் மாதத்திலிருந்து இருந்தது: மழையில் நனைவது பிடிக்கும் என்றும், வெயில் பிடிக்காது என்றும் ஊரார் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கழித்தல் குறி இடம் மாறியிருந்தது.

நான் சொல்ல வந்ததில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். ஆள் முடிவெடுக்கும் நிரலை எழுதுவதற்கு முன்னால், ஏன் அப்படி முடிவெடுத்தான் என்று அவனையே கேட்டுத் தெரிந்துகொள்ளும் வழியை எழுதுங்கள். அந்தப் பலகையை விளையாட்டு முடியும்வரை எடுக்காதீர்கள். "தெளிவாக எழுதினால் பலகை எதற்கு" என்று எனக்கும் ஒரு திமிர் இருந்தது. தெளிவாக எழுதிய நாற்பது விதிகள் சேர்ந்து என்ன செய்யும் என்பது எழுதியவனுக்கும் தெரியாது. அதைப் பார்க்கத்தானே இந்த மாதிரி விளையாட்டையே செய்கிறோம்?

பலகை இருந்தும் நான் ஏமாந்த கதை ஒன்று உண்டு. பழைய அலுவலக நண்பர் ஒருவரிடம் விளையாடிப் பார்க்கக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டார். குரலில் ஒரு நெகிழ்ச்சி. "அந்த விறகுவெட்டிக்கு இவ்வளவு உணர்ச்சி வைத்திருப்பாய் என்று நினைக்கவில்லை" என்றார். எந்த விறகுவெட்டி என்றேன். "17. அவன் வீட்டிலிருந்த கிழவர் இறந்துவிட்டார். அன்றிலிருந்து ராத்திரியெல்லாம் அவர் கட்டிலருகிலேயே நிற்கிறான். படுக்கவே இல்லை." நான் அப்படி எதையும் எழுதவில்லை. ஆனால் அவர் பாராட்டிய வேகத்தில் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. "ஆமாம், அது கொஞ்சம் மெனக்கெட்டுச் செய்தது" என்று சொல்லிவிட்டேன். அவருடைய சேமிப்புக் கோப்பை வாங்கித் திறந்தேன். 17-ஐச் சொடுக்கினேன். தூக்கம் 0.97, முதலிடம். தேர்ந்தெடுத்த செயல்: கட்டில் 4-இல் படுத்தல். அடுத்த வரி: தோல்வி, கட்டில் ஒதுக்கப்பட்டுள்ளது. அடுத்த வரி: தேர்ந்தெடுத்த செயல், கட்டில் 4-இல் படுத்தல். தோல்வி. தேர்ந்தெடுத்த செயல். தோல்வி. இருபது வரியும் அதேதான். கட்டில் 4-ஐத் திறந்து பார்த்தேன். ஒதுக்கப்பட்டது ஆள் 9-க்கு. அந்தக் கிழவர்தான் ஆள் 9. செத்து மூன்று நாளாகியும் கட்டிலை விடவில்லை.

விஷயம் இதுதான். இரண்டு பேர் ஒரே கட்டிலுக்கு நடக்கக் கூடாது என்பதற்காக, முடிவெடுத்த கணமே பொருளை ஒதுக்கிவைக்க வேண்டியிருக்கிறது. செயல் முடிந்ததும் விடுவிக்க வேண்டும். நான் விடுவித்த இடம் ஒன்றே ஒன்று: தூங்கி எழும்போது. ஆனால் ஒரு செயல் எத்தனை விதமாக முடியும் என்று எண்ணிப் பாருங்கள். முழுமையாக முடியலாம். நடுவில் தீப்பிடிக்கலாம். மனம் மாறலாம். போகும் வழி அடைபடலாம். ஆடுபவர் கட்டிலையே இடித்துவிடலாம். ஆள் செத்துப்போகலாம். இத்தனைக்கும் சேர்த்து ஒரே ஒரு வெளியேறும் வாசல் இருக்க வேண்டும், எப்படிப் போனாலும் அந்த வாசல் வழியாகத்தான் போக வேண்டும், கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். தொடங்குவதை எழுத எனக்கு ஒரு வாரம் ஆனது. விடுவதை ஒழுங்காக எழுத இரண்டு மாதம். இந்த வேலையில் அறிவுள்ள பகுதி என்று நாம் நினைப்பது தேர்ந்தெடுப்பதை. உயிரை வாங்குவது விட்டுவிடுவது. காப்பீடாக, ஒவ்வொரு ஒதுக்கீட்டுக்கும் ஒரு காலாவதி நேரமும் வைத்திருக்கிறேன். கூடவே, தோற்றுப்போன செயலைக் கொஞ்ச நேரத்துக்கு அந்த ஆள் மறுபடி யோசிக்கக் கூடாது என்ற விதியும் சேர்த்தேன். அது இருந்திருந்தால் 17 அன்றிரவு தரையிலாவது படுத்திருப்பான்.

நண்பரிடம் உண்மையைப் பிறகு சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அதை எடுத்துவிடாதே" என்றார். எடுத்துவிட்டேன். ஆனால் துக்கம் என்று ஒரு செயலை எழுதிச் சேர்த்தேன். இப்போது அது மதிப்பெண்ணோடு, காரணத்தோடு பலகையில் வருகிறது. கட்டிலருகே ஒரு நாள் நிற்கிறார்கள், பிறகு விலகிப் போகிறார்கள். உண்மையைச் சொன்னால், அந்தப் பிழைக்கு இருந்த கனம் இதற்கு இல்லை.

மற்ற அடிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எட்டு மடங்கு வேகத்தில் ஓட்டினால் ஊரில் பாதிப் பேர் செத்தார்கள். பசி விளையாட்டு நேரத்தில் ஏறியது; ஆட்கள் யோசித்தது நிஜ நேரத்தில், அரை நொடிக்கு ஒருமுறை. எல்லாமே ஒரே கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். குலுக்கல் எண்களின் தொடக்க விதையை, அதாவது அவை எந்த எண்ணிலிருந்து பிறக்கின்றனவோ அதை, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பதிந்துவையுங்கள். அதே விதை, அதே கட்டளைகள், கடிகாரம் ஒவ்வொரு முறையும் ஒரே அளவு நகரும் நிலையான கால அடி என்றால் அதே கிராமம் மறுபடி நடக்கும், பிழையும் மறுபடி வரும். நான் இதைச் செய்த பிறகும் கிராமம் மாறி மாறி நடந்தது. ஆட்களை வரிசை நிலையில்லாத ஒரு தொகுப்பிலிருந்து எடுத்து ஒவ்வொருவராக இயக்கியதுதான் காரணம் என்று கண்டுபிடிக்க ஆறு நாள் ஆனது. எண் வரிசையில் எடுங்கள், தீர்ந்தது. சேமிக்கும்போது தேவைகளை மட்டும் சேமித்தால் போதாது. நடுவில் இருக்கும் செயலும், ஒதுக்கீடுகளும், கையில் பாதி தூக்கிய விறகும் சேமிப்பில் போக வேண்டும். இல்லாவிட்டால் திறந்தவுடன் எல்லோரும் திடுக்கிட்டு விழித்தவர்கள்போல் புதிதாக யோசிக்கத் தொடங்குவார்கள்.

வேகத்தைப் பற்றி ஒன்று. நாற்பது பேர் இருக்கும்போது ஒன்றும் தெரியவில்லை, இருநூறு பேராக்கிப் பார்த்தபோது திரை திக்கித் திக்கி நகர்ந்தது. திரையில் நொடிக்கு 60 பிரேம், அதாவது 60 படம், என்றால் ஒரு பிரேமுக்கு 16.6 மில்லிநொடி, வரைவதற்குப் போக யோசிப்பதற்கு மிஞ்சுவது சொற்பம். மதிப்பெண் கணக்குத்தான் தின்கிறது என்று முடிவுகட்டி அதை மூன்று வாரம் செதுக்கினேன். அளந்து பார்க்கவே இல்லை. அளந்தபோது தெரிந்தது, தின்றது வழி தேடுதல். ஷேக்கி என்ற ரோபோவுக்கான ஆய்வில் பிறந்து 1968-இல் வெளியான ஏ-ஸ்டார் முறையைத்தான் எல்லோரும்போல நானும் பயன்படுத்துகிறேன். நல்ல முறை. ஆனால் போகவே முடியாத இடத்துக்கு வழி கேட்டால், போக முடிந்த இடம் அத்தனையையும் துழாவி முடித்துவிட்டுத்தான் "இல்லை" என்று சொல்லும். ஆற்றுக்கு அப்பால் ஒரு கட்டில் கிடந்தது, பாலம் இல்லை. இருநூறு பேரும் அரை நொடிக்கு ஒருமுறை அதற்கு வழி கேட்டுக்கொண்டிருந்தார்கள். நிலப்பரப்பை ஒன்றோடொன்று இணைந்த பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு எண் கொடுத்துவிட்டேன். எண் வேறென்றால் தேடவே வேண்டாம். கூடவே, எல்லோரும் ஒரே பிரேமில் யோசிக்காமல், பிரேமுக்குச் சிலர் என்று பிரித்துவிட்டேன். மூன்று வாரம் செதுக்கிய நிரலைப் படிக்க முடியாததால் பழையதையே திரும்பக் கொண்டுவந்தேன்.

விளையாட்டு இன்னும் வெளிவரவில்லை. போன வாரம் 17 பசியோடு படுக்கப் போவதைப் பார்த்தேன். சமையலறையில் சாப்பாடு இருந்தது, வழியும் இருந்தது. கை பழக்கத்தில் பலகையைத் திறந்தேன். பசி 0.58. தூக்கம் 0.71. வெளியே மழை, சமையலறை எண்பது அடி தூரம், நேற்று முழுக்க மரம் வெட்டியிருக்கிறான். பலகையை மூடிவிட்டு நானும் படுக்கப் போனேன்.